வலிக்காத பல்லுக்கு எதற்கு வைத்தியம்?

பல், ஈறு பராமரிப்புப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பல் மருத்துவர் ஒருவர் இந்த இதழில் பதில் அளிக்கிறார்.

கேள்வி: எனக்கு வயது 44. இதுவரை ஒரு நாள்கூடப் பல் வலித்ததில்லை. அதனால் பல் மருத்துவரிடம் போனதும் இல்லை. வாய் முழுவதையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்று என் மனைவி வற்புறுத்துகிறார். எந்தத் தொந்தரவும் இல்லாதபோது இது வீண் வேலை அல்லவா, டாக்டர்?

பதில்: உங்கள் மனைவி சொல்வதைக் கேளுங்கள். வலி இல்லை என்பதை வைத்து நோய் இல்லை என்று முடிவு செய்ய முடியாது. பல்லின் வெளியடுக்கான எனாமல், எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் தாதுப்பொருளால் ஆனது. அதில் நரம்பு இல்லை, இரத்தக் குழாய் இல்லை, உயிரணுக்களும் இல்லை. எனவே சொத்தை அதை அரித்துக்கொண்டிருக்கும்போது உங்களுக்கு எதுவும் தெரியாது. அடுத்த அடுக்கான டென்டினை அது எட்டிய பிறகுதான் குளிர்ந்ததோ இனிப்போ பட்டால் கூச்சம் எழும். அதுவும் எல்லோருக்கும் எழுவதில்லை. இரவில் தூங்கவிடாத வலி தொடங்கும்போது, பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள பற்கூழ் பெரும்பாலும் பாதிக்கப்பட்டிருக்கும். பெரியவர்களுக்குச் சொத்தை எனாமலிலிருந்து அந்த இடத்துக்குப் போய்ச் சேரப் பல மாதங்களோ சில ஆண்டுகளோ ஆகலாம். சிறிய ஃபில்லிங்கோடு காரியம் முடியக்கூடிய காலம் அதுதான். வலி இல்லாத காலமும் அதுவேதான்.

இன்னும் முன்னதாகவே, எனாமலின் மேல் சுண்ணாம்பு வெள்ளையாக ஒரு புள்ளி மட்டும் தெரியும் கட்டத்தில், துளையிடவே தேவையில்லை. ஃபுளோரைடு சிகிச்சையாலும் சுத்தத்தாலும் அங்கே மீண்டும் தாது படிந்து, அரிப்பு நின்றுவிட வாய்ப்பு உண்டு. குழி விழுந்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும், ஏனென்றால் எனாமலை உருவாக்கிய உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. இழந்த எனாமலை உடல் திரும்ப வளர்த்துத் தருவதில்லை.

ஈறு நோய் இதைவிடவும் அமைதியானது. ஈறுக்கு அடியில் பல்லைத் தாங்கும் எலும்பு பாதி கரையும்வரைகூட வலிக்காமல் இருக்கலாம். புகைபிடிப்பவர்களுக்கு இன்னொரு ஏமாற்றமும் உண்டு: புகையிலை ஈறின் இரத்த ஓட்டத்தை மாற்றிவிடுவதால், நோய் முற்றியிருந்தாலும் இரத்தக் கசிவு குறைவாகவே தெரியும்.

முழுப் பரிசோதனை என்று எதைச் சொல்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விளக்கடித்துப் பார்த்து இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடுவதையும் சிலர் அந்தப் பெயரால் அழைக்கிறார்கள். மில்லிமீட்டர் குறியிட்ட மெல்லிய கருவியைக் கொண்டு ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில், ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பள்ளத்தின் ஆழத்தை அளக்க வேண்டும். 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருப்பது நலம். 4 அல்லது அதற்கு மேல் இருந்து, தொட்டதும் இரத்தமும் கசிந்தால் அங்கே கவனம் தேவை. இரண்டு பற்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் ஒளிந்திருக்கும் சொத்தை கண்ணுக்குத் தெரியாது. அதற்குப் பற்களைக் கடித்தபடி எடுக்கும் சிறிய எக்ஸ்-ரே உதவும். நாக்கின் ஓரங்கள், நாக்கின் அடிப்பகுதி, கன்னத்தின் உட்புறம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ இருந்தால் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். நீங்கள் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும் கையோடு கொண்டுசெல்லுங்கள்.

கேள்வி: கடைவாய்ப்பல்லில் தாங்க முடியாத வலி வந்து, ரூட் கேனால் சிகிச்சையைத் தொடங்கினேன். இரண்டு முறை போனதும் வலி அடியோடு நின்றுவிட்டது. தற்காலிகமாக அடைத்திருக்கிறோம், மீண்டும் வர வேண்டும், அதன் பிறகு கேப் போட வேண்டும் என்றார்கள். ஏழு மாதமாகிவிட்டது, நான் போகவில்லை, பல்லும் தொல்லை தரவில்லை. இப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விடக் கூடாது. இந்தக் கேள்வியை நான் பணியாற்றிய காலம் முழுவதும் கேட்டிருக்கிறேன். காப்பாற்றியிருக்கக்கூடிய பற்களைப் பிடுங்க நேர்ந்ததற்கு நான் கண்ட காரணங்களில் இதுவே மிகவும் வருத்தம் தருவது. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உங்களுக்கு வலி நின்றதற்குக் காரணம், வலியை உணர்ந்த திசு அகற்றப்பட்டதுதான். உணரும் நரம்பு இல்லாமல் போனதே தவிர, கிருமிகள் இல்லாமல் போய்விட்டன என்று அதற்குப் பொருள் இல்லை. பல்லின் வேருக்குள் உள்ள குழாய்கள் மிகக் குறுகலானவை; வளைந்தும் கிளைத்தும் செல்பவை. மேல்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லில் மூன்று வேர்களுக்கு நான்கு குழாய்கள் இருப்பது சாதாரணம். அவை அனைத்தையும் கண்டுபிடித்து, நுனி வரை சுத்தம் செய்து, கிருமிநாசினி திரவத்தால் கழுவி, கடைசியில் இடைவெளி இல்லாமல் நிரப்பி மூடினால்தான் சிகிச்சை முடிந்தது என்று சொல்ல முடியும். உங்கள் பல்லில் அந்த நிரப்புதல் இன்னும் நடக்கவில்லை என்றே உங்கள் கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன்.

தற்காலிக அடைப்புக்குப் பயன்படுத்தும் பொருள் சில வாரங்கள் தாங்குவதற்காகவே செய்யப்பட்டது. மெல்லும் அழுத்தத்தில் அது தேய்ந்து, ஓரங்களில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி விழும்; அந்த வழியாக எச்சிலும் கிருமிகளும் உள்ளே இறங்கும். உள்ளே உயிருள்ள திசு இல்லாததால் பல் எச்சரிக்கை கொடுக்காது. தொற்று வேர் நுனியைக் கடந்து தாடை எலும்பை அரிக்கத் தொடங்கி, ஒரு நாள் முகம் வீங்கும்போதுதான் தெரியவரும். அந்த நேரத்தில் ஆன்டிபயாட்டிக் மாத்திரையை மட்டும் விழுங்கிச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள் பலர். மருந்து இரத்தத்தின் வழியாகத்தான் போக வேண்டும். இரத்த ஓட்டமே இல்லாத வேர்க் குழாய்க்குள் அது எப்படிப் போய்ச் சேரும்? வீக்கம் வடியும், ஆனால் மூலகாரணம் அப்படியே இருக்கும். முகத்தில் வீக்கத்தோடு காய்ச்சலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமோ ஏற்பட்டால் அது அவசரநிலை. பல் மருத்துவரின் நேரத்துக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கேப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். சொத்தையும், சிகிச்சைக்காகத் திறந்த வழியும் சேர்ந்து பல்லின் நடுப்பகுதியைப் பெருமளவு எடுத்துவிடுகின்றன. எஞ்சிய சுவர்கள் கடைவாயின் மெல்லும் விசையைத் தாங்காமல் பிளக்கக்கூடும். பிளவு மேற்பகுதியோடு நின்றால் சரிசெய்யலாம். வேர் வரை நீண்டால் பிடுங்குவதைத் தவிர வழி இல்லை. கேப் அந்தச் சுவர்களை ஒன்றாகப் பிடித்து வைப்பதற்காகவே போடப்படுகிறது, அழகுக்காக அல்ல. இந்த வாரமே பழைய மருத்துவரிடமோ வேறொருவரிடமோ சென்று, நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். இத்தனை நாள் கழித்து வந்ததற்காகக் கடிந்துகொள்வார்களோ என்ற கூச்சம் வேண்டாம். ஏழு மாதம் கழித்தும் பல் காப்பாற்றக்கூடிய நிலையில் இருப்பதற்குப் போதுமான வாய்ப்பு உண்டு. ஓராண்டுக்குப் பிறகு மீண்டும் ஓர் எக்ஸ்-ரே எடுத்து, வேர் நுனியில் எலும்பு ஆறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

கேள்வி: அழுத்தித் தேய்த்தால்தான் பல் சுத்தமாகும் என்று நம்பி, கடினமான பிரஷ்ஷையே பயன்படுத்துகிறேன். சரியா?

பதில்: மென்மையான பிரஷ்ஷுக்கு மாறுங்கள். பல்லில் படியும் கிருமிப் படலம் மிருதுவானது. அதை விலக்க வலிமை வேண்டாம், எல்லா இடத்தையும் தொடும் பொறுமைதான் வேண்டும். அழுத்தித் தேய்த்தால் ஈறு கீழிறங்கி வேர் வெளிப்படும், ஈறை ஒட்டிய கழுத்துப் பகுதியில் பல் தேயும்.

கேள்வி: ஈறில் இரத்தம் வருகிறது. ஸ்கேலிங் செய்யச் சொல்கிறார்கள். செய்தால் பற்கள் ஆடத் தொடங்கும், இடைவெளி விழும், எனாமல் போய்விடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். இரத்தம் வரும் இடத்தில் இப்போது பிரஷ் படாமல் பார்த்துக்கொள்கிறேன். நான் செய்வது சரிதானா?

பதில்: பிரஷ்ஷை நிறுத்தியதுதான் தவறு, அம்மா. முதலில் அதைத் திரும்பத் தொடங்குங்கள்.

1965-ஆம் ஆண்டில் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் செய்த ஒரு சோதனை பல் மருத்துவப் பாடங்களில் இன்றும் சொல்லித்தரப்படுகிறது. நல்ல ஈறு கொண்ட 12 பேர் பல் சுத்தம் செய்வதை அடியோடு நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி வந்தது. மீண்டும் சுத்தம் செய்யத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. உங்கள் ஈறில் இரத்தம் வருவது பிரஷ் பட்டதால் அல்ல. அங்கே படலம் தங்கி, ஈறு அழன்றிருப்பதால்தான். பிரஷ் படாமல் தவிர்த்த ஒவ்வொரு நாளும் அந்தப் படலம் தடித்திருக்கும்.

அகற்றாமல் விட்ட படலத்தில், எச்சிலிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் ஓரிரு நாட்களிலேயே படியத் தொடங்கி, அதைக் கல்போல் இறுக்கிவிடும். இதுதான் பற்காரை. அதன் சொரசொரப்பான மேற்பரப்பில் புதிய படலம் எளிதாக ஒட்டும். எந்தப் பிரஷ்ஷாலும், எந்தப் பேஸ்ட்டாலும் பற்காரையை எடுக்க முடியாது. அதை எடுப்பதற்குத்தான் ஸ்கேலிங்.

உங்கள் உறவினர்கள் சொல்வது அவர்கள் கண்ணால் கண்டதாகவே இருக்கலாம். அதற்குச் சொல்லும் காரணம்தான் தவறு. பல ஆண்டுகளாகப் பற்காரை சேர்ந்த வாயில், அது கரைத்த எலும்பின் இடத்தில் பற்காரையே உட்கார்ந்து பற்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும். அதை நீக்கியதும், மறைந்திருந்த இடைவெளியும் ஏற்கெனவே இருந்த ஆட்டமும் வெளிப்படுகின்றன. வீங்கியிருந்த ஈறு வற்றிச் சுருங்குவதால் பல் நீண்டுவிட்டதுபோலத் தெரியும். முறையாகச் செய்யும் ஸ்கேலிங் எனாமலைச் சுரண்டி எடுப்பதில்லை. சில நாட்களுக்குக் கூச்சம் இருப்பது இயல்பு, பெரும்பாலும் தானாகவே அடங்கும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஈறு மட்டும் அழன்றிருந்தால் முழுமையாகக் குணமாகும். எலும்பு கரைந்திருந்தால், நோயை அந்த இடத்தில் நிறுத்தலாம்; போன எலும்பைச் சில வகைக் குழிகளில் மட்டுமே ஓரளவு திரும்பப் பெறலாம். ஈறுக்கு அடியிலும் சுத்தம் செய்யத் தேவைப்பட்டால், மரத்துப்போகும் ஊசி போட்டு, இரண்டு மூன்று அமர்வுகளில் செய்வார்கள். நடுவில் நிறுத்திவிடாதீர்கள். வீட்டில், பிரஷ்ஷின் இழைகளை ஈறின் விளிம்பை நோக்கி 45 டிகிரி சாய்த்து வைத்து, சிறு அசைவுகளாக, வாய் முழுவதற்கும் 2 நிமிடம் தேயுங்கள்.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. ஒரு நாளைக்கு மூன்று முறை பல் துலக்கியும் எனக்குப் புதிதாகச் சொத்தை வந்துகொண்டே இருக்கிறது. துலக்கவே சோம்பல்படும் என் தோழிக்கு ஒன்றுமில்லை. இது பரம்பரையா?

பதில்: பரம்பரைக்கும் சிறு பங்கு உண்டு, எச்சிலின் அளவும் தன்மையும், பல்லின் பள்ளங்களின் ஆழமும் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் உங்களிடம் நான் முதலில் கேட்க விரும்புவது, ஒரு நாளில் எத்தனை முறை இனிப்பான எதையாவது வாயில் இடுகிறீர்கள் என்பதைத்தான். படலத்தில் வாழும் கிருமிகள் சர்க்கரையை உண்டு சில நிமிடங்களில் அமிலத்தை வெளியிடுகின்றன. அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அந்த அமிலத்தைச் சமன்செய்து, இழந்த தாதுவைத் திரும்பப் படிய வைக்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். ராபர்ட் ஸ்டீஃபன் என்பவர் 1940-களில் இந்த ஏற்ற இறக்கத்தை அளந்து காட்டினார். படிக்கும்போது இனிப்புப் பானத்தை இரண்டு மணி நேரம் மிடறு மிடறாகக் குடித்தால், எச்சிலுக்கு அந்த அவகாசமே கிடைப்பதில்லை.

ஸ்வீடனில் விபெஹோம் என்ற காப்பகத்தில் 1940-களின் பிற்பகுதியில் நடந்த ஆய்வு, எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை முறை, எவ்வளவு ஒட்டும் தன்மையுடன் என்பதே சொத்தையைத் தீர்மானிப்பதில் முக்கியம் என்று காட்டியது. மனவளர்ச்சி குன்றிய நோயாளிகளின் சம்மதமின்றி, அவர்களுக்கு வேண்டுமென்றே ஒட்டும் இனிப்பைக் கொடுத்து, பற்கள் கெடுவதைக் கணக்கிட்ட ஆய்வு அது. அதிலிருந்து கிடைத்த அறிவைச் சொல்லும்போது, அந்த மனிதர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியையும் சேர்த்துச் சொல்வது நம் கடமை என்று கருதுகிறேன்.

உங்களுக்கு இன்னும் மூன்று யோசனைகள். மூன்று முறை துலக்குவதைவிட, படுக்கும்முன் ஒருமுறையும் பகலில் ஒருமுறையும் முழுமையாகத் துலக்குவது மேல். உறக்கத்தில் எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைவதால் இரவுத் துலக்கலைத் தவறவிடவே கூடாது. பேஸ்ட்டில் ஃபுளோரைடு 1000 பிபிஎம் முதல் 1500 பிபிஎம் வரை இருக்கிறதா என்று உறையில் பாருங்கள். துலக்கி முடித்ததும் நுரையைத் துப்புங்கள், தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்து ஃபுளோரைடைக் கழுவிவிடாதீர்கள். மேலும், பிரஷ் எவ்வளவு முயன்றாலும் இரு பற்கள் சேரும் பக்கங்களை எட்டாது. அங்கே ஃபிளாஸ் நூலோ, இடைவெளிக்கேற்ற சிறு பிரஷ்ஷோ நாளுக்கு ஒருமுறை போய்வர வேண்டும். உங்களுடைய புதிய சொத்தைகள் பற்களின் இடுக்கில்தான் வருகின்றனவா என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். அதற்கான விடையிலேயே பாதி சிகிச்சை இருக்கிறது.

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. பின்பற்கள் இரண்டில் சொத்தை. விழுந்து முளைக்கப்போகும் பால் பல்தானே, சிகிச்சை எதற்கு?

பதில்: பால் பற்களில் முன்பற்கள் 6, 7 வயதில் விழும், பின்பற்களோ 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியவை. இன்னும் நான்கு முதல் ஆறு ஆண்டுகள் அவன் அவற்றால்தான் மென்றாக வேண்டும். தொற்று வேர் வரை போனால், அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லின் எனாமலும் பாதிக்கப்படலாம். முன்கூட்டியே பிடுங்கினால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாய்ந்து, புதிய பல்லுக்கு வழி அடைபடும்.

அதைவிட அவசரமாக ஒன்றைப் பாருங்கள். ஏறத்தாழ 6 வயதில், கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் முதல் நிலையான கடைவாய்ப்பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமலே அது வருவதால், பெற்றோர் பலர் அதையும் பால் பல் என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். நீங்கள் குறிப்பிடும் இரண்டில் ஒன்று அதுவாக இருந்தால், வாழ்நாள் முழுவதற்குமான பல்லை இப்போதே இழந்துகொண்டிருக்கிறீர்கள். அந்தப் பல் நலமாக இருந்தால், அதன் பள்ளங்களை மெல்லிய சீலன்ட் பூச்சால் அடைத்துவிடச் சொல்லுங்கள். 7, 8 வயது வரை நீங்களே அவனுக்குத் துலக்கிவிடுங்கள். பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும்.

கேள்வி: எனக்கு 67 வயது, பல ஆண்டுகளாக நீரிழிவு. ஏழு பற்கள் போய்விட்டன. மீதியையும் எடுத்துவிட்டுப் பல்செட் போட்டுக்கொண்டால் ஒரேயடியாகத் தொல்லை தீர்ந்துவிடும் என்று தோன்றுகிறது. இந்த வயதில் இனி பராமரித்து என்ன பயன், டாக்டர்?

பதில்: ஐயா, அவசரப்படாதீர்கள். முழுப் பல்செட்டின் மெல்லும் வலிமை, இயற்கைப் பற்களின் வலிமையில் ஒரு சிறு பங்கே. பற்கள் போன இடத்தில் தாடை எலும்பு ஆண்டுதோறும் சுருங்கும். அதனால் இன்று கச்சிதமாகப் பொருந்தும் செட் நாளை தளரும், குறிப்பாகக் கீழ்த்தாடையில். மீதமுள்ள பற்களில் உறுதியானவை நான்கைந்து இருந்தாலும், அவற்றைப் பிடிமானமாகக் கொண்டு பகுதிச் செட் பொருத்தினால் முழுச் செட்டைவிட நன்றாக நிற்கும்.

நீரிழிவுக்கும் ஈறு நோய்க்கும் உள்ள தொடர்பு இருவழிப்பட்டது. சர்க்கரை கட்டுப்படாவிட்டால் ஈறு நோய் முற்றும். ஈறு நோய் இருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். ஈறுக்கு முறையான சிகிச்சை செய்தால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவும் சற்றுக் குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இரத்தம் உறையாமல் இருக்கவோ எலும்பு வலுப்படவோ மருந்து உட்கொள்பவராக இருந்தால் பல் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பராமரித்து என்ன பயன் என்று கேட்டீர்கள். ஸ்வீடனின் கார்ல்ஸ்டாட் நகரில் ஆக்செல்சன், லிண்டே என்ற இரு மருத்துவர்கள் 1970-களின் தொடக்கத்தில் ஒரு பணியைத் தொடங்கினார்கள். பங்கேற்றவர்களுக்கு எப்படிச் சுத்தம் செய்வது என்று கற்றுக்கொடுத்து, முதல் இரண்டு ஆண்டுகள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், அதன் பின் ஒவ்வொருவரின் தேவைக்கேற்ப 3 முதல் 12 மாத இடைவெளியிலும் வரவழைத்து, தொழில்முறையாகச் சுத்தம் செய்தார்கள். 30 ஆண்டுகள் கழித்து, 2004-இல் வெளியான முடிவின்படி, தொடர்ந்து வந்த 257 பேர் இழந்த பற்கள் வயதுப் பிரிவைப் பொறுத்து சராசரியாக 0.4 முதல் 1.8 வரை மட்டுமே. தொடக்கத்திலேயே 50 வயதைத் தாண்டியிருந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அங்கே அதிசய மருந்து எதுவும் இல்லை; கற்றுக்கொடுத்ததும் விடாமல் கவனித்ததும்தான்.

உங்கள் நிலையில் நான் பரிந்துரைப்பது இதுதான்: முதலில் ஈறுகளை அளந்து, எந்தெந்தப் பற்களைக் காப்பாற்ற முடியும், எவற்றை எடுத்தே ஆக வேண்டும் என்று பல் பல்லாகப் பட்டியலிட்டுத் தரச் சொல்லுங்கள். ஈறு சிகிச்சை முடிந்து மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்த பிறகே செட்டைப் பற்றி முடிவெடுங்கள். அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போங்கள். பகுதிச் செட் போட்டால் இரவில் கழற்றி, பேஸ்ட் இல்லாமல் மென்மையான பிரஷ்ஷாலும் சாதாரண சோப்பாலும் கழுவி, தண்ணீரில் போட்டு வையுங்கள். அதன் கொக்கிகள் பிடிக்கும் பற்களை மட்டும் இரவில் இன்னொரு முறை கண்ணாடியில் பார்த்துத் துலக்குங்கள், ஏனென்றால் அடுத்து சொத்தையாவது பெரும்பாலும் அந்தப் பற்கள்தான்.